புத்தகத்தை மூடிட்டுப் படிங்க: அஞ்சு மணி நேரம் படிச்சும் அரியர் ஏன் விழுது?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறேன்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம் ஒரு தங்கச்சி. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்சு, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவங்க. இப்போ இரண்டாம் வருஷம். கையில் நாலு அரியர். அவங்க சொன்னது இதுதான்: "அண்ணா, நான் தினமும் அஞ்சு மணி நேரம் படிக்கிறேன். படிக்காம ஃபெயில் ஆனா பரவாயில்ல. படிச்சும் ஃபெயில் ஆகுறேன்னா எனக்கு இது வராதுன்னுதானே அர்த்தம்? நின்னுடலாமான்னு இருக்கு."

இதைக் கேட்டதும் அன்னிக்கு ரெக்கார்ட் பண்ண வேண்டிய எபிசோடைத் தள்ளி வெச்சுட்டேன். 2015 பிப்ரவரியில், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு, இதே கேள்வியை நான் என்கிட்டயே கேட்டிருக்கேன். என்கூடப் படிச்ச ஒரு நண்பனும் கேட்டான். "ஆமா, எனக்கு வராது"ன்னு அவனே முடிவு பண்ணிக்கிட்டு நின்னுட்டான். அவனைப் பத்திக் கடைசியில் சொல்றேன். முதலில் அந்தத் தங்கச்சிக்கு என் பதில்: உங்களுக்கு வராதுன்னு அர்த்தம் இல்ல. நீங்க படிக்கிற முறை பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சது. அதை வெச்சு காலேஜ் பரீட்சை எழுதுறீங்க.

196 மார்க் வாங்கினவன் எப்படி ஃபெயில் ஆனேன்

நான் 2014ல் பிளஸ் டூ முடிச்சேன். அப்போ ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மார்க், மொத்தம் 1200. கணக்கில் எனக்கு 196. பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம் எங்க ஊர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும்தான் எங்க பிழைப்பு. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா அறுவடை நேரத்தில் வேலையைப் போட்டுட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைஞ்சார். அந்தச் சான்றிதழ் இருந்தா கவுன்சலிங்கில் சேர்றவங்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

முதல் செமஸ்டரில் எனக்கு மூணு அரியர். அதில் ஒண்ணு எம் ஒன், அதாவது கணக்கு. 196 வாங்கின அதே கணக்கு. ரெண்டு வாரம் வீட்டில் சொல்லவே இல்ல.

காரணம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்தில் பதினொண்ணாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2017-18 கல்வியாண்டில்தான் வந்தது. நான் படிச்ச பள்ளியில் லெவன்த் பாடத்தைப் பேருக்குத் தொட்டுட்டு, அந்த வருஷமே ட்வெல்த் பாடத்தை ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே புத்தகத்தை ஏறக்குறைய ரெண்டு வருஷம் படிச்சேன். எந்த அத்தியாயத்தில் எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும்னு ப்ளூ பிரின்ட் கையில் இருந்தது. வாரத்துக்கு ரெண்டு மூணு டெஸ்ட். தப்பா எழுதினா திரும்ப எழுதச் சொல்வாங்க.

காலேஜில் ஒரு பாடத்துக்கு அஞ்சு யூனிட். முழுசாப் பார்த்தா நாலு மாசம். டெஸ்ட் வைக்க ஆள் இல்ல, இன்டர்னல் மட்டும்தான். பள்ளியில் வாரா வாரம் என்னை உட்கார வெச்சு எழுத வெச்ச வேலை ஒண்ணு இருந்ததே, அது நின்னு போச்சு. நான் அதைக் கவனிக்கவே இல்ல. 196 வாங்கினது நான் ரொம்ப வாசிச்சதாலன்னு நினைச்சுக்கிட்டேன். உண்மையில் அந்த மார்க் வந்தது ஓயாம எழுதின டெஸ்டுகளால. காலேஜில் டெஸ்ட் போச்சு, வாசிப்பு மட்டும் மிச்சம்.

விடைத்தாள் சொன்ன கதை

இப்போ நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். புரோகிராம் ஓடலைன்னா எர்ரர் மெசேஜைப் படிக்காம மறுபடி மறுபடி ரன் பண்றவனைப் பார்த்தா எங்க டீமில் சிரிப்பாங்க. ஆனா அரியர் விழுந்தா நாம அதைத்தான் செய்றோம். ஏன் விழுந்ததுன்னு பார்க்காம, அதே மாதிரி இன்னும் அதிக நேரம் படிக்கிறோம்.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் ரிசல்ட் வந்த பிறகு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நான் எம் ஒன் பேப்பருக்கு வாங்கினேன். ரீவேல்யூஷனில் மார்க் கூடும்ங்கிற நப்பாசையில்தான் வாங்கினேன். கையில் வந்ததும் புரிஞ்சது, திருத்தினவங்க பேரில் ஒரு தப்பும் இல்லை.

கேலி-ஹாமில்டன் தேற்றம் வெச்சு ஒரு மேட்ரிக்ஸோட இன்வர்ஸ் கண்டுபிடிக்கிற கணக்கு. நோட்டில் அதே மாதிரி கணக்கை அஞ்சு தடவை எழுதிப் பார்த்திருந்தேன். தேற்றத்தை வரி பிசகாம எழுதியிருந்தேன். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் வரைக்கும் சரியாப் போயிருக்கேன். அதுக்கு மேல அந்தச் சமன்பாட்டை இன்வர்ஸால் பெருக்கணும்ங்கிற ஒரு அடி தோணல. பாதிப் பக்கம் காலி.

நோட்டைப் பார்த்து எழுதும்போது அந்த அடி எனக்கு ஒரு நாளும் கஷ்டமா இருந்ததே இல்ல. ஏன்னா அடுத்த வரி கண்ணு முன்னாடி இருந்தது. "அடுத்து என்ன?"ன்னு என் மூளை ஒரு தடவைகூட தேடவே இல்ல. அஞ்சு தடவையும் நான் காப்பி எடுத்திருக்கேன். கணக்குப் போடவே இல்ல.

பேருந்தில் கத்துக்கிட்டது

பெரம்பலூருக்கு ரயில் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். அரியலூரில் ஸ்டேஷன் உண்டு, ஆனா எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே பேருந்துதான். எங்க ஊரிலிருந்து பெரம்பலூர், அங்கே மாறி அரியலூர் பக்கம். போக வர ஒரு நாளைக்கு மூணு மணி நேரம். அரியலூர் பக்கம் சிமென்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் வரிசை கட்டிப் போகும். பேருந்து அதுங்க பின்னாடி ஊரும். பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் பயணம். ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். இந்த மூணு மணி நேரம் வீணாப் போகுதேன்னு தினமும் புலம்புவேன்.

அதே பேருந்தில் மூணாவது வருஷம் படிச்ச ஒரு அண்ணன் வருவார். அவரும் முதல் வருஷத்தில் அரியர் வெச்சுக் கிளியர் பண்ணவர். ஒரு நாள் நான் கூட்டத்தில் நோட்டை விரிச்சுப் படிக்கப் பார்த்தேன். "அதை உள்ள வைடா. நேத்து என்ன நடத்துனாங்க, சொல்லு"ன்னார். "ஐகன் வேல்யூ அண்ணா." "சரி, அது என்னன்னு எனக்குச் சொல்லு. எனக்கு மறந்துபோச்சு." நான் முழிச்சேன். முந்தின ராத்திரிதான் ரெண்டு மணி நேரம் படிச்சிருந்தேன். வாயைத் திறந்தா ரெண்டு வாக்கியத்துக்கு மேல வரல.

அவர் தினமும் இதையே செய்தார். மூணு நாலு வாரத்தில் எனக்கே வித்தியாசம் தெரிஞ்சது. பேருந்தில் திணறித் திணறிச் சொன்ன விஷயம் மறக்கல. வீட்டில் நிம்மதியா உட்கார்ந்து வாசிச்சது மறந்துபோச்சு. புத்தகம் திறக்க முடியாத இடம் கிடைச்சதுதான் எனக்கு அதிர்ஷ்டம்.

இதுக்கு ஆராய்ச்சி என்ன சொல்லுது?

இது ஏதோ என் அனுபவம் மட்டும்னு நினைக்காதீங்க. 2006ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கே அதில், ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தாங்க. காலேஜ் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தாங்க. ஒரு முறையில் அதே பத்தியைத் திரும்ப வாசிக்கணும். இன்னொரு முறையில் பத்தியைப் பார்க்காம, ஞாபகம் இருக்கிறதை எழுதணும்.

அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தேர்வு வெச்சப்போ திரும்ப வாசிச்சதுதான் ஜெயிச்சது: 81 சதவீதம், எழுதிப் பார்த்ததுக்கு 75. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ தலைகீழ். திரும்ப வாசிச்சதுக்கு 42, பார்க்காம எழுதினதுக்கு 56.

இந்த 81ஐக் கொஞ்சம் கவனிங்க. நம்மை ஏமாத்துறது அதுதான். ராத்திரி ரெண்டு தடவை வாசிச்சு முடிச்சதும் "எல்லாம் தெரியுது"ன்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, அந்த நேரத்துக்கு அது நிஜம்தான். ஒரு வாரம் தாங்காது. பார்க்காம சொல்லிப் பார்க்கிறப்போ "ஒண்ணுமே தெரியல"ன்னு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடதான் பாடம் உள்ள இறங்குது. தங்கச்சி, உங்க அஞ்சு மணி நேரத்தில் புத்தகம் மூடியிருந்த நேரம் எவ்வளவு? அதை மட்டும் இந்த வாரம் குறிச்சுப் பாருங்க.

2013ல் டன்லாஸ்கியும் அவர் குழுவும் பத்துப் படிப்பு முறைகளைப் பத்தின ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசினாங்க. நல்ல பலன் தருதுன்னு முதல் தரத்தில் வெச்சது ரெண்டே ரெண்டு: தன்னைத்தானே சோதிச்சுப் பார்க்கிறது, இடைவெளி விட்டுப் படிக்கிறது. கலர் கலரா ஹைலைட்டர் போடுறதும் திரும்பத் திரும்ப வாசிக்கிறதும் கடைசித் தரத்தில்.

வெங்காயத்துக்குத் தண்ணி

அந்த இடைவெளி விஷயத்தை எனக்குச் சொன்னது அப்பா. அரியர் எழுதப் போற முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுது. காலையில் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஒரு மாசத்துத் தண்ணிய ஒரே ராத்திரில வெங்காயத்துக்குக் கட்டுனா என்னடா ஆகும்?" அழுகிப் போகும்னேன். வேற ஒண்ணும் சொல்லல, மண்வெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.

அதுக்கப்புறம் நான் போட்டுக்கிட்ட முறை இது. இதுக்கு ஆப் எதுவும் வேண்டாம்.

வகுப்பு நடந்த அன்னிக்கே சாயங்காலம் பத்து நிமிஷம். நோட்டைத் திறக்காம ஒரு வெள்ளைத்தாளில் அன்னிக்கு நடத்தினதை எழுதணும். எழுதி முடிச்சதும் நோட்டைத் திறந்து விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்கணும். அந்தச் சிவப்புதான் நீங்க படிக்க வேண்டிய பாடம், மத்தது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பேருந்தில் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், அந்த வாரத்துத் தலைப்புகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பார்க்காம எழுதணும். இன்டர்னலுக்கு முன்னாடி இன்னொரு தடவை. ஒரு பாடத்தை நாலு தடவை தொட்டுட்டீங்க. மொத்த நேரம் ராத்திரி முழுக்க முழிக்கிறதைவிடக் குறைவு.

கணக்குன்னா ஒரு மாற்றம். தீர்த்த கணக்கில் முதல் வரியை மட்டும் பாருங்க, மிச்சத்தைக் கையால் மறைங்க. அடுத்த வரியை நீங்களே எழுதிட்டுக் கையை நகர்த்துங்க. சிக்கினா ஒரே ஒரு வரி மட்டும் பார்க்கலாம். மறுநாள் வேற எண்கள் போட்ட கணக்கு. யூடியூபில் கணக்குப் பாடம் பார்க்கிறவங்களுக்கும் இதே விதிதான்: அவர் அடுத்த வரி எழுதுறதுக்கு முன்னாடி பாஸ் பண்ணுங்க.

தமிழில் புரியட்டும், இங்கிலீஷில் எழுதலாம்

தமிழ் மீடியத்திலிருந்து வர்றவங்களுக்கு ஒரு சுமை கூடுதல். பாடம் புரியலையா, இங்கிலீஷ் புரியலையான்னே தெரியாது. எனக்கு ரெண்டும் கலந்துதான் இருந்தது. "புரியாட்டி என்ன, அப்படியே மனப்பாடம் பண்ணிடுவோம்"னு போனேன். கேள்வியில் ஒரு வார்த்தை மாத்திக் கேட்டாலே காலி.

ரெண்டு வேலையையும் பிரிச்சுடுங்க. முதலில் அந்தக் கருத்தைத் தமிழில், உங்க ஊர்ப் பேச்சில், யாருக்காவது சொல்லுங்க. வாயால சொல்ல வந்தா பாடம் புரிஞ்சாச்சு. அப்புறம் அதே விஷயத்தை இங்கிலீஷில் நாலே நாலு சின்ன வாக்கியத்தில் எழுதுங்க. அழகு வேண்டாம், பிழை இருந்தாலும் பரவாயில்ல. ஒரு சின்ன நோட்டில் பாடத்துக்குப் பத்துச் சொல், பக்கத்தில் தமிழில் பொருள்.

இன்னொண்ணு, கேள்வியோட முதல் சொல்லைக் கவனிங்க. 'ஸ்டேட்'னு இருந்தா தேற்றத்தைச் சொன்னா போதும், நிரூபிக்க வேண்டாம். 'டிரைவ்'னா முதல் வரியிலிருந்து கடைசிச் சூத்திரம் வரைக்கும் படிப்படியா வேணும். 'கம்பேர்'னா ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு வித்தியாசம் எழுதணும். எனக்கு விடை தெரிஞ்சிருந்தும் ஒரு பேப்பரில் கம்பேருக்கு ரெண்டைப் பத்தியும் தனித்தனிக் கட்டுரை எழுதி மார்க்கை விட்டிருக்கேன்.

தனியா உழைக்கிறது

அந்த வாய்ஸ் நோட்டில் என்னை உறுத்தின இன்னொரு விஷயம், "எனக்கு அரியர் இருக்குன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது அண்ணா"ங்கிற வரி.

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மேன்னு ஒருத்தர், கால்குலஸில் நிறையப் பேர் தோற்கிற கறுப்பின மாணவர்களைக் கவனிச்சார். சோம்பேறித்தனம்னும் வீட்டுச் சூழ்நிலைன்னும் மத்தவங்க காரணம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இவர் 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன வம்சாவளி மாணவர்கள் எப்படிப் படிக்கிறாங்கன்னு கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் பள்ளியில் நல்லாப் படிச்சு வந்தவங்கதான். சொன்ன மணி நேரம் தவறாம உழைச்சாங்க, ஆனா தன்னந்தனியா. சீன மாணவர்கள் தனியாப் போட்டுப் பார்த்துட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருத்தர் தப்பை ஒருத்தர் திருத்திக்கிட்டாங்க. தன் பிரச்சினை தனக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு அவங்களுக்குத் தெரிஞ்சது. பிறகு டிரைஸ்மேன் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டமாப் போட வைக்கிற பயிற்சி வகுப்பை ஆரம்பிச்சார், அந்த மாணவர்களோட நிலை மாறுச்சு.

வரிசையைக் கவனிங்க: முதலில் தனியா, அப்புறம் கூட்டமா. நேரா கூட்டமா உட்கார்ந்தா நல்லாத் தெரிஞ்சவன் போடுவான், மத்தவங்க தலையாட்டுவாங்க. மூணு பேர் போதும். உங்க கிளாஸில் அரியர் வெச்சிருக்கிற இன்னொருத்தர்கிட்ட இந்த வாரம் வாயைத் திறந்து சொல்லுங்க.

நாலு அரியரையும் எப்படி எடுக்கிறது?

2021 ரெகுலேஷன்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக மொத்தம் 50 வேணும், அதோட செமஸ்டர் தேர்வில் குறைஞ்சது 45 சதவீதம். இன்டர்னல் 32 இருந்தா தேர்வில் 100க்கு 45 எடுத்தா போதும். இன்டர்னல் 18தான்னா 54 வேணும். தன்னாட்சிக் கல்லூரின்னா உங்க விதியைப் பார்த்துக்குங்க. நாலு பாடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, எது ரொம்பப் பக்கத்தில் இருக்கோ அதை முதலில் எடுங்க. அஞ்சு யூனிட்டையும் அரைகுறையாப் படிக்கிறதைவிட மூணு யூனிட்டைப் பார்க்காம எழுதுற அளவுக்கு முடிச்சுட்டு, மத்த ரெண்டில் டூ மார்க்கை எடுக்கிறது நல்லது.

பழைய கேள்வித்தாள் எடுங்க. 'இம்பார்ட்டன்ட்' தேடுறதுக்காக எடுக்க வேண்டாம். மூணு மணி நேரம் கடிகாரம் வெச்சு, நிஜப் பரீட்சை மாதிரி எழுதுறதுக்கு எடுங்க. தேர்வுக்கு முந்தின ராத்திரி குரூப்பில் வர்ற பி.டி.எஃப்.பை நம்பி நானும் ஒரு தடவை போனேன், சிரிக்காதீங்க.

எனக்கு உடனே எல்லாம் சரியாகிடல. மூணில் ரெண்டு அரியர் முதல் முயற்சியிலேயே போச்சு. எம் ஒன் இன்னொரு தடவை விழுந்துட்டுத்தான் பாஸ் ஆனேன். ஆனா ரெண்டாவது விடைத்தாளில் காலிப் பக்கம் இல்ல.

இப்போ அந்த நண்பன். அரியலூர் பக்கம். அவன் அப்பா சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டினவர். எம் ஒன்னில் என்னைவிட அவனுக்கு வேகம் ஜாஸ்தி, நான் நாலு வரியில் போடுறதை ரெண்டு வரியில் முடிப்பான். முதல் செமஸ்டர் ரிசல்ட்டுக்கு அப்புறம் ரெண்டு வாரம் வந்தான், பிறகு பேருந்தில் காணோம். அந்த மூணாவது வருஷ அண்ணன் என்கிட்ட பேச ஆரம்பிச்சது அதுக்கு அடுத்த மாசம்தான்.

அவன் நல்லாத்தான் இருக்கான். இப்போ சொந்தமா ரெண்டு லாரி. போன பொங்கலுக்குப் பார்த்தப்போ, டீசல், வாடகை, டயர் தேய்மானம், இ.எம்.ஐ. எல்லாத்தையும் பேப்பர் இல்லாம மனக்கணக்கா போட்டு ஒரு டிரிப்புக்கு எவ்வளவு மிஞ்சும்னு சொன்னான். சொல்லிட்டு, "நமக்கு எங்கடா கணக்கு வந்துச்சு, நீ மூளைக்காரன்"னான். பத்து வருஷம் ஆச்சு, இன்னும் அதையே நம்பிக்கிட்டு இருக்கான்.

தங்கச்சி, படிப்பை நிறுத்துறதும் தொடர்றதும் உங்க முடிவு, உங்க வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஆனா "எனக்கு வராது"ங்கிற காரணத்துக்காக நிறுத்தாதீங்க. அதை நீங்க இன்னும் சோதிச்சே பார்க்கல. இன்னிக்கு ராத்திரி ஒரு பாடம், ஒரு வெள்ளைத்தாள், பத்து நிமிஷம். ரெண்டே வரிதான் வந்தாலும் பரவாயில்ல. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு அனுப்புங்க. ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பேசுவோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.